சுவரும் பெயரும்

இளைஞர்கள் பொதுச் சுவர்களில் எழுதுவது ஏன்? அது கலையா, குற்றமா? இவ்வாறு கேட்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அமைதி அடைந்துவிடுகின்றனர். உண்மையில் இது ஒரு வினா அன்று, இரு வினாக்கள்.

நியூயார்க் நகரின் 183ஆம் தெருவில் வாழ்ந்த கிரேக்க வமிசத்து இளைஞன் ஒருவன், தன் செல்லப் பெயரோடு தெருவின் எண்ணையும் சேர்த்து, ‘டாக்கி 183’ என்று சென்ற இடமெல்லாம் எழுதினான். பொதிகளைக் கொண்டு சேர்ப்பது அவன் வேலை. ஆதலால் அப்பெயர் நகரெங்கும் பரவிற்று. 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு அவனைப் பற்றி எழுதியது. பின்பற்றுவோர் பெருகினர். சில ஆண்டுகளில் சுரங்க ரயிற்பெட்டிகள் வண்ண எழுத்துகளால் நிறைந்தன. 1989 மே மாதத்தில்தான் அவ்வாறு எழுதப்பட்ட கடைசி ரயில் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

அவர்கள் பெரும்பாலும் எழுதியது வசையன்று; கொள்கை முழக்கமும் அன்று. தம் பெயரையே எழுதினர். செல்வர்களின் பெயர்கள் மாளிகைகளின் நெற்றியில் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டு வளர்ந்த எளிய வீட்டுப் பிள்ளைகள், ‘நாங்களும் இந்நகரில் இருக்கின்றோம்’ என்று அறிவித்துக்கொண்டனர். அதில் தற்பெருமை உண்டு. அதைவிட மிகுதியாக, எவரும் தம்மை அறியவில்லையே என்னும் ஏக்கம் உண்டு.

அது கலையா? எழுத்தணியைத் தலையாய கலையாகப் போற்றி, பள்ளிவாசற் சுவர்களை அதனால் அழகு செய்த சமுதாயம் நம்முடையது. ஒரே பெயரை நூறு வடிவங்களில் வளைத்தும் பின்னியும் எழுதிப் பார்த்த அவ்விளைஞர்களின் உழைப்பில் கலையே இல்லை என்று நாம் எவ்வாறு கூறுவது?

ஆனால், கலையாக இருப்பதனாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது. களவாடிய மையால் எழுதினாலும் கவிதை கவிதைதான். எனினும் மைக்கு உரியவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடியார்க்கு இழைத்த தீங்கை அந்த அடியாரே பொறுத்தருள வேண்டும் என்பதன்றோ நம் மார்க்கம் கற்பிப்பது?

இக்கடமை சுவருக்கு உரியவர்க்கும் உண்டு. அதே நியூயார்க்கில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ எனப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், உரிமையாளரின் இசைவோடு ஓவியர்கள் பல்லாண்டுகள் வரைந்துவந்தனர். 2013 நவம்பரில் ஓரிரவில், முன்னறிவிப்பின்றி அவற்றின்மீது வெள்ளை பூசப்பட்டது. 2018இல் நீதிமன்றம் 45 படைப்புகளுக்காக 21 கலைஞர்களுக்கு 67.5 இலட்சம் டாலர் வழங்குமாறு தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இசைவின்றி எழுதுவது அத்துமீறல் எனில், இசைவு தந்தபின் சொல்லாமல் அழிப்பதும் அமானிதத்திற்கு மாறானதே.

2012இல் துனீசியாவின் காபிஸ் நகரில் ஜாரா பள்ளிவாசலின் மினாராவில், எல் சீத் என்னும் சுவரெழுத்துக் கலைஞர் பள்ளியின் சம்மதத்தோடு ஒரு திருமறை வசனத்தை எழுதினார். மக்கள் பல இனத்தவராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்னும் கருத்துடையது அவ்வசனம்.

அறியப்பட வேண்டும் என்பதுதானே அந்த ரயிற்பெட்டிகளில் எழுதியவர்களின் ஏக்கமும்! சுவர்களைக் காக்க விரும்புகிற நாம், எழுதிய கையைக் கண்டிக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: அந்தப் பிள்ளையின் பெயரை நம்மில் யாரேனும் ஒருநாளாவது கேட்டறிந்ததுண்டா?