கல் விழுந்தது எதனால்?

1581-ம் ஆண்டுக் கோடையில், இத்தாலியின் லூக்கா நகரை ஒட்டிய வெந்நீர் ஊற்றுகளில் ஒரு பிரெஞ்சுப் பிரபு தங்கியிருந்தார். காலையில் எத்தனை குவளை ஊற்றுநீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போயிற்று, அதில் மணல் வந்ததா, கல் வந்ததா என்று விடாமல் குறித்து வைத்தார். அவர் பெயர் மிஷேல் தெ மொந்தேன். கட்டுரை என்ற இலக்கிய வடிவத்துக்கே அவரைத்தான் தந்தை என்கிறோம். அவருடைய அப்பா கல் நோயால் அவதிப்பட்டு 1568-ல் இறந்தார். ஏறக்குறைய 45 வயதில் மகனையும் அதே நோய் பிடித்தது.

மொந்தேனுக்கு வைத்தியர்கள் மீது மரியாதை கிடையாது. அதற்கு அவர் காட்டிய காரணம் சுவையானது. சிறுநீர்ப் பாதையைத் திறந்துவிடும் மருந்து கல் நோய்க்கு நல்லது, கல்லாக உறைகிற பசையை அது அடித்துக்கொண்டு போய்விடும் என்பார் ஒரு வைத்தியர். அதே மருந்து ஆபத்தானது, பாதை திறந்தால் அந்தப் பசையெல்லாம் சிறுநீரகத்துக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடும் என்பார் அடுத்தவர். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். எந்த மருந்துக்கும் ஒரு காரணத்தைக் கட்டிவிட முடியும் என்றால், அந்தக் காரணத்துக்கு என்ன மதிப்பு? ஊற்றுநீரிலும் அவர் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. அற்புதம் எதையும் பார்த்ததில்லை, கெட்டுப்போனவர்களும் அதிகமில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். இடையிடையே கல் வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. அது நீரால் வந்ததா, தானாக வந்ததா என்பதை அவருடைய குறிப்புகளை எத்தனை முறை படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கல் நோயாளி அதே இடத்தில்தான் நிற்கிறார். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலி ஒரு தடவை வந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வருபவர்கள் ஆளுக்கொரு யோசனையோடு வருவார்கள். வாழைத்தண்டுச் சாறு குடி. சிறுபீளை கஷாயம் வை. ஹோமியோபதியில் சொட்டு மருந்து இருக்கிறது, கரைத்தே விடும். ஆபரேஷனுக்கு மட்டும் போய்விடாதே. ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் கல் விழுந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ சாட்சியாக இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மருந்து சாப்பிட்டதும் உண்மை, கல் விழுந்ததும் உண்மை. அந்த மருந்தால்தான் விழுந்தது என்று எப்படித் தெரியும்?

முதலில் கல்லின் இயல்பைப் பார்த்துவிடலாம். சிறுநீர்க் குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டது என்றால், 100 பேரில் சுமார் 68 பேருக்கு அது தானாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் சுமார் 47 பேருக்கு. அமெரிக்க, ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கங்கள் 2007-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள கணக்கு இது. 2 மி.மீ. கல்லுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. 4 முதல் 6 மி.மீ. கல்லுக்குச் சராசரியாக மூன்று வாரம் ஆகிறது. ஆக, வெறும் தண்ணீரைச் சொட்டு மருந்து என்று கொடுத்து ஒரு மாதம் காத்திருக்கச் சொன்னாலும், சின்னக் கல் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். போதாக்குறைக்கு எல்லா வைத்தியர்களும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான பனைமரம் உலகத்தில் இல்லை.

இந்தச் சிக்கலுக்குத் தமிழிலேயே பழைய தீர்ப்பு உண்டு. மணிமேகலையின் 29-ம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். ஒன்றை நிறுவக் காட்டும் ஏது, அதாவது காரணம், அந்த முடிவு பொருந்தும் இடங்களில் இருக்க வேண்டும். பொருந்தாத இடங்களில் இருக்கவே கூடாது. இரண்டு இடத்திலும் இருந்தால் அந்த ஏது எதையும் நிறுவாது. அநைகாந்திகம் என்று அந்தக் குற்றத்துக்குப் பெயர். சித்தப்பாவின் வழக்கை இங்கே வைத்துப் பார்க்கலாம். 'கல் விழுந்தது, ஆகவே மருந்து வேலை செய்தது' என்கிறார். மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் கல் விழுகிறதே. அப்படியானால் கல் விழுந்தது மருந்துக்குச் சாட்சி ஆகாது. சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணினால் பயனில்லை, சாப்பிடாதவர்களையும் எண்ண வேண்டும்.

இப்படி இரு பக்கமும் எண்ணிப் பார்த்த முதல் சோதனைகளில் ஒன்று ஹோமியோபதியின் மீதே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. இடம் ஜெர்மனியின் நூரம்பர்க், ஆண்டு 1835. ஹோமியோபதியின் நிறுவனர் சாமுவேல் ஹானிமன் அப்போது உயிரோடு இருந்தார். ஊரின் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான மருத்துவர் ஃபான் ஹோவன் ஹோமியோபதியைக் கேலி செய்து எழுத, ராய்ட்டர் என்ற ஹோமியோபதி மருத்துவர் நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள் என்று சவால் விட்டார். ஊர்க்காரர்கள் ஒரு விடுதியில் கூடி விதிகளை வகுத்தார்கள். புட்டிகளில் பாதியில் 30-ம் வீரிய உப்பு மருந்து, மறுபாதியில் உருக்கிய பனிநீர். எது எதில் இருக்கிறது என்ற பட்டியலை முத்திரையிட்டு வைத்தார்கள். கொடுத்தவர்களுக்கும் தெரியாது, குடித்தவர்களுக்கும் தெரியாது. விவரம் சொன்ன 50 பேரில் 42 பேர் எதையும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன எட்டுப் பேரில் ஐந்து பேர் மருந்தும் மூன்று பேர் வெறும் நீரும் குடித்திருந்தார்கள். இன்று உலகம் முழுவதும் மருந்துகளைச் சோதிக்கும் இரட்டை மறைவு முறையின் அடிப்படை இதிலேயே இருந்தது.

முப்பதாம் வீரியம் என்றால் என்ன? ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி 30 முறை. பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஹானிமனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. மூலக்கூறின் அளவை லோஷ்மிட் முதன்முதலாகக் கணக்கிட்டது 1865-ல். ஹானிமன் 1843-லேயே இறந்துவிட்டார். ஆனால் கல்லுக்குக் கொடுக்கும் எல்லா ஹோமியோபதி மருந்தையும் இந்தக் கணக்கால் தள்ளிவிடவும் முடியாது. இடப்பக்க வலிக்கு அதிகம் பேசப்படும் பெர்பெரிஸ் வல்காரிஸ் பல நேரம் மதர் டிங்க்சராகவே தரப்படுகிறது. அதில் செடியின் சாறு உண்மையிலேயே இருக்கிறது. அது வேலை செய்யவும் கூடும். அப்படியென்றால் மற்ற மூலிகைகளைச் சோதிப்பதுபோல் அதையும் சோதிக்கலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி மருந்து பார்த்துக் கொடுப்பதால் எங்கள் முறையைச் சோதிக்க முடியாது என்ற வாதமும் நிற்காது. மருத்துவர் தம் விருப்பப்படி ஆளுக்கேற்ற மருந்தை எழுதட்டும். பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு அதேபோன்ற வெற்று உருண்டையையும் மருந்தகம் மறைவாகக் கொடுக்கட்டும். அப்படிப்பட்ட சோதனைகள் ஏற்கெனவே நடந்துமிருக்கின்றன.

ஆங்கில மருத்துவம் மட்டும் என்ன ஒழுங்கு என்று ஹோமியோபதி அன்பர் கேட்பார். நல்ல கேள்வி. டாம்சுலோசின் என்ற மாத்திரை சிறுநீர்க் குழாயைத் தளர்த்திக் கல்லை வேகமாக இறக்கும் என்று பல ஆண்டுகள் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் மொந்தேனின் வைத்தியர் சொன்னதைப் போலவே கச்சிதமாக இருந்தது. சின்னச் சின்ன ஆய்வுகளும் ஆதரித்தன. பிறகு பிரிட்டனில் 1,100-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அந்த மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் மறைவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. நான்கு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் மாத்திரைக் குழுவில் 81 விழுக்காடு, வெற்று மாத்திரைக் குழுவில் 80. இப்போது குழாயின் கீழ்ப்பகுதியில் மாட்டிய 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்குத்தான் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

இன்னொரு சறுக்கல் இதைவிடப் பெரியது. கல்லில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலைக் குறை என்பது பல்லாண்டு அறிவுரை. இத்தாலியில் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. வழக்கமான கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. 2002-ல் வெளியான அந்த ஆய்வோடு பழைய அறிவுரை கவிழ்ந்தது. கல் திரும்ப வராமல் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்துவந்த ஹைட்ரோகுளோரோதயசைடும் 2023-ல் ஸ்விட்சர்லாந்து ஆய்வில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

மருத்துவர்கள் வெட்கப்பட வேண்டிய பட்டியல் என்று இதைச் சிலர் சொல்லலாம். உண்மையில் நவீன மருத்துவத்தை நம்புவதற்கு இருக்கும் நல்ல காரணமே இந்தப் பட்டியல்தான். தன் மருந்து தோற்றதைத் தானே அச்சிட்டு, வழிகாட்டுதலை மாற்றி எழுதியிருக்கிறது. கல் நோய்க்கென்று சோதனையில் தோற்றதால் ஹோமியோபதி தன் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிய மருந்து ஒன்றைக் காட்டுவது கடினம். அத்துறை பெரும்பாலும் முன்வைப்பது இரண்டு ஸ்கேன் படங்கள்: மருந்துக்கு முன், மருந்துக்குப் பின். நடுவில் கல் தானாக விழும் வாய்ப்பு கணக்கில் வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-ல் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, ஹோமியோபதி பலனளிக்கிறது என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்றது. பிரான்ஸ் அரசு 2021 முதல் அந்த மருந்துகளுக்குக் காப்பீட்டுப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. இந்தியாவில் 1973-ம் ஆண்டுச் சட்டம் ஹோமியோபதியை அங்கீகரித்தது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அங்கீகாரம் மருத்துவருக்குத் தொழில் செய்யும் உரிமை தருகிறது. மருந்து கல்லைக் கரைக்குமா என்பதைச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தீர்மானிக்க முடியாது.

நம்பிக்கைக்கும் சான்றுக்கும் நடுவில் நின்ற ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1863-ல் எம்.டி. பெற்றவர். ஹோமியோபதியைத் தாக்கிவந்த அவர், அதில் குணமான நோயாளிகளைப் பார்த்து மனம் மாறி 1867-ல் பகிரங்கமாகக் கட்சி மாறினார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். 1885-ல் தொண்டை நோயால் துன்பப்பட்ட ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு வைத்தியம் பார்த்தவரும் அவரே. சீடர்கள் குருவை அவதாரம் என்றபோது சர்க்கார் ஏற்கவில்லை, மணிக்கணக்கில் வாதாடினார். பரமஹம்சர் மீது அன்பு குறையவும் இல்லை. கடவுள் விஷயத்தில் பிறர் சாட்சியத்தை ஏற்க மறுத்தவர், மருந்து விஷயத்தில் குணமான நோயாளிகளின் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார். அவர் காலத்தில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகள் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் இந்தியர்கள் சோதனை செய்து அறிய வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. 1876-ல் அவர் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில்தான் சி.வி. ராமன் 1928-ல் ராமன் விளைவைக் கண்டார். அந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட நிறமாலை முறை இன்று சிறுநீரகக் கல்லின் கலவையை ஆராயவும் உதவுகிறது.

கலவையை அறிவது வீண் வேலையல்ல. யூரிக் அமிலக் கல்லை, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மெய்யாகவே கரைக்கும். பெரும்பாலோருக்கு வரும் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைப்பதாக நிறுவப்பட்ட மருந்து எந்த முறையிலும் இல்லை. அது தானாக விழ வேண்டும். இல்லையென்றால் உடைக்க வேண்டும், எடுக்க வேண்டும். உடலைக் கீறாமல் அதிர்வலையால் உடைக்கும் முறை 1980-ல் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. அதிலும் துண்டுகள் தங்கிவிடலாம். சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்தால் எரிச்சல் இருக்கும், செலவும் இருக்கும்.

மருந்துக்குச் சான்று கேட்கிறோம் என்பதற்காகக் கடவுள் நம்பிக்கையை இந்தத் தராசில் வைக்க வேண்டியதில்லை. பிரார்த்தனை ஸ்கேனில் தெரியும் என்று எந்தப் பெரியவரும் வாக்குக் கொடுக்கவில்லை. 'இந்தச் சொட்டு கல்லைக் கரைக்கும்' என்பது அப்படியல்ல. அது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கூற்று. நம்பிக்கை என்று சொல்லி அதைச் சோதனையிலிருந்து காப்பாற்ற முடியாது. ஹோமியோபதி மருத்துவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறார், பெரிய ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஆஸ்பத்திரிகள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆறுதல் தேவை, ஆனால் ஆறுதலைக் கல் கரைக்கும் மருந்து என்று விற்றால் நோயாளி ஏமாற்றப்படுகிறார்.

ஆகவே முடிவு இது. சின்னக் கல், தாங்கக்கூடிய வலி, காய்ச்சல் இல்லை, இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்றால் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் ஒருவர் வேண்டும். கூடவே வீரிய உருண்டை சாப்பிட்டாலும் பெரிய கெடுதல் வந்துவிடாது. ஆனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. வலி நின்றுவிட்டது என்பதற்காகக் கல் போய்விட்டது என்று எண்ணவும் கூடாது. அடைப்பு வலியில்லாமலேயே சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஸ்கேன் எடுத்தே உறுதிசெய்ய வேண்டும். கல் விழுந்த பிறகு தினம் இரண்டு லிட்டருக்குமேல் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடியுங்கள். 1996-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் ஐந்து ஆண்டில் மறுபடி கல் வந்தவர்கள் அப்படிக் குடித்தவர்களில் 12 விழுக்காடு, குடிக்காதவர்களில் 27. கல்லோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு ஏற்பட்டாலோ எந்த முறை நல்லது என்று வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.