அரிய காசும் பொருள் வரைதலும்

இல்லறத்தார் பழங்காசு சேர்க்கலாமா? பொன்னன்று, வெள்ளியுமன்று, உரோமப் பேரரசின் பிற்காலத்து வெண்கலக் காசு. அதனைச் சேர்த்தல் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு மாறாகுமோ என்று ஐயுறுவார் உளர்.

கி.பி. 294ஆம் ஆண்டளவில் டயோகிளீசியன் என்னும் பேரரசன் வெளியிட்ட காசு ஏறத்தாழப் பத்துக் கிராம் எடையும் மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சும் உடையது. நூறாண்டிற்குப் பின் வழங்கியவற்றுட் பல ஒன்றிரண்டு கிராம் எடையே உள்ள சில்லறைகள். அவற்றிற்கு அக்காலத்தார் இட்ட பெயர்கள் பெரும்பாலும் மறைந்தமையால், அறிஞர் விட்டத்தை அளந்து நால்வகையாகப் பிரித்தனர். இத்தகைய காசுகள் கடல் கடந்து வந்து கரூரிலும் மதுரையிலும் கிடைத்துள்ளன. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அவற்றை ஆய்ந்து 1994இல் நூலாக்கினார். இவற்றுட் பெரும்பாலானவை மலிவானவையே.

அரிய காசின் நிலை வேறு. 327ஆம் ஆண்டளவில் கான்ஸ்டன்டைன் தன் புதுத் தலைநகரில் அச்சிட்ட காசொன்றில், கொடிக்கம்பு ஒரு பாம்பைக் குத்தி நிற்கும். (பார்சுவநாதரைப் படம் விரித்துக் காத்த நாகத்தைப் போற்றும் நமக்கு அக்காட்சி உவப்பாகாது, அது கிடக்க.) அதுவும் அதே வெண்கலமே, விலையோ பன்மடங்கு. ஏன்? பிறரிடம் அஃது இல்லை என்பதனால். அரியதை அதன் அருமைக்காகவே விரும்புவோன் பிறரது இல்லாமையையும் சேர்த்தே விலைக்குக் கொள்கிறான். உமாசுவாமி பரிக்கிரகத்தைப் பொருளின் எண்ணிக்கையில் வையாது, பற்றால் வரும் மயக்கத்தில் வைத்தமை இங்கு நினையத்தக்கது. ஆயிரம் எளிய காசு உடையானைவிட ஓர் அரிய காசு உடையான் மிகு பரிக்கிரகி ஆதலும் கூடும்.

மற்றொன்றும் உண்டு. கள்வர் கொணர்ந்ததைக் கொள்ளுதல் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. பால்கன் நாடுகளில் களவாகத் தோண்டிய காசுகள் மண்ணும் களிம்புமாகவே விற்பனைக்கு வருகின்றன. அவற்றோடு கிடந்தவை எவை என்று இனி யாரும் அறியார். 2010இல் இங்கிலாந்தின் ஃபுரோம் நகரருகே இதற்கு மாறானது நிகழ்ந்தது. உலோகங்காட்டும் கருவியோடு சென்ற ஒருவர், பானையொன்றில் சில காசுகள் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலார்க்கு அறிவித்தார். சற்று முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள், 52,503. அடுக்கடுக்காக எடுத்தபோது, காலத்தாற் பிந்திய கரௌசியஸ் காசுகளுட் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் இருந்தன. ஆதலின் அது சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அன்று, ஒரே முறையில் கொட்டிப் புதைத்தது என்று கருதினர். களவாக அள்ளியிருப்பின் இவ்வறிவு எவர்க்கும் கிட்டியிராது.

"நாம் வாங்காவிடில் பிறர் வாங்குவர்; அல்லது உருக்குவர்" என்பர் சிலர். புலாலுண்பாரும் இவ்வாறே சொல்வர். எனினும், சேர்த்ததை ஆராய்ந்து நூலாக்குவோர் நிலை வேறு. அது சாத்திர தானத்தின்பாற் படும் என்பது என் கருத்து. பெட்டியிற் பூட்டி விருந்தினர்க்குக் காட்டுவதை அதனோடு ஒப்பிடலாகாது.

நம் நாட்டில், நிலத்தில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். காசு வாங்கும் நம்மவருள் இதனை விற்பவரிடம் கேட்டறிவோர் எத்துணைப் பேர்?