எழுதுகிறவனின் வாரக் கணக்கு

நாவல் எழுதுகின்ற ஒருவன், வாரந்தோறும் தான் எழுதியதைக் கணக்கெடுத்துக் குறித்துவைப்பது முறைதானா? இலக்கிய நண்பர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது சற்றுக் கேலியும் கலந்திருக்கும். இலக்கியம் என்ன அரிசியா, கொத்துக் கணக்கில் அளந்து போடுவதற்கு என்பார்கள். மனதில் ஊறிக் கனிந்து தானாக வரவேண்டிய ஒன்றுக்கு வாரக் கணக்கு வைப்பது கலைக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவர்களின் கட்சி. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கணக்கு வைக்கப்படாத நாவல் பெரும்பாலும் எழுதப்படாத நாவலாகவே போய்விடுகிறது என்பதும் எமக்குத் தெரியும். எமது ஊர்களில் நான்காம் அத்தியாயத்தோடு நின்றுபோன நாவல்கள் எத்தனையோ அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன. எழுதியவர் மௌத்தான பின்னர் பிள்ளைகள் அந்தக் கொப்பிகளைப் பழைய பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

இதனை எழுதும் முறை பற்றிய கேள்வியாக மட்டும் நான் பார்க்கவில்லை. கணக்கு என்று வந்துவிட்டால் அங்கே ஒப்படைக்கப்பட்ட பொருள் ஒன்றிருக்கவேண்டும். பொறுப்பேற்றவன் ஒருவன் இருக்கவேண்டும். கேட்கும் உரிமையுள்ளவர் ஒருவரும் இருக்கவேண்டும். எழுதுகிறவனிடம் ஒப்படைக்கப்பட்டது எது? அவன் யாருக்குக் கணக்குச் சொல்கிறான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல், வாரக் கணக்கு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாதென்பது என் எண்ணம்.

வாரக் கணக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் ஆங்கில நாவலாசிரியர் அன்டனி ட்ரொலொப். அவர் தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். அதிகாலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்து, காலைச் சாப்பாட்டுக்கு முன்னர் எழுத்து வேலையை முடித்துவிடுவார். தன்னைக் கோப்பியோடு எழுப்பிவிடுவதற்கென்றே வயதான வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். ஒரு நாவலைத் தொடங்கும்போது வாரங்களாகப் பிரித்த நாட்குறிப்பொன்றைத் தயாரித்துக்கொள்வார். 250 சொற்கள் ஒரு பக்கம் என்பது அவரது அளவு. வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். சில காலம் 20 ஆகக் குறைந்தும், சில காலம் 112 வரை உயர்ந்தும் இருந்திருக்கிறது. மேசைமீது கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் எழுதினார். 1858இல் உத்தியோக அலுவலாக எகிப்துக்குப் போயிருந்தபோது ஒரு நாவலை முடித்தவர், மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார். ஒரு சோடிச் சப்பாத்தை முடித்த தொழிலாளி அடுத்த சோடியைக் கையில் எடுப்பதைப் போல என்று தன் தொழிலுக்கு அவரே உவமை சொன்னார். மொத்தம் 47 நாவல்கள்.

ட்ரொலொப் 1882இல் காலமானார். இந்த விபரங்களெல்லாம் அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது சுயசரிதையில்தான் உலகுக்குத் தெரியவந்தன. வாசகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதியவன் எப்படிக் கலைஞனாவான் என்றார்கள். அவரது மதிப்பு இறங்கியதற்கு இந்தச் சுயசரிதையும் ஒரு காரணமென்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

ஆனால் அந்தச் சுயசரிதையிலேயே உள்ள இரண்டு விடயங்கள் எமது கவனத்துக்குரியவை. ஒன்று, அவர் ஒவ்வொரு நாளும் முதல் அரை மணித்தியாலம் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. முதல் நாள் எழுதியதை வாசித்து, சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பார். கடிகாரத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த அரை மணித்தியாலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றையது, 1875-76இல் எழுதிய அந்நூலைத் தன் மறைவுக்குப் பின்னரே வெளியிடவேண்டும் என்று மகனிடம் ஒப்படைத்தார். அந்தக் கணக்குகளை வாழும்போதே நூலாக்கி ஊருக்குக் காட்ட அவர் விரும்பவில்லை.

எமது மொழியின் நாவலுக்கும் வாரத்துக்கும் பழைய உறவுண்டு. இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் தந்த சித்திலெப்பை, 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையை நடத்தியவர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அச்சகம் காத்திருந்தது, வாசகர் காத்திருந்தார், எழுத்தாளன் எழுதினான். அங்கே கணக்குக் கேட்க வெளியில் ஒருவர் இருந்தார். இன்று ஒரு கிராமத்து ஆசிரியன் எழுதும் நாவலுக்காக எந்தப் பத்திரிகையும் காத்திருக்கவில்லை. கேட்பதற்கு ஆளில்லாதபோது கேட்கும் வேலையையும் அவனே செய்யவேண்டியிருக்கிறது.

தன்னைத் தானே கணக்குக் கேட்பது எமக்குப் புதிய சங்கதியல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமுத்தீன்' நூலின் இறுதிக் கால்பகுதியில் முராகபா, முஹாஸபா என்பவற்றுக்கென்றே ஒரு பாகத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே அறிவு ஒரு வியாபாரி. நப்ஸு அவனுடைய பங்காளி. ஆயுள்தான் முதல். வியாபாரி முதலில் பங்காளியிடம் நிபந்தனை பேசுகிறான். பின்னர் கண்காணிக்கிறான். அதன் பின்னர் கணக்குக் கேட்கிறான். குறை கண்டால் தண்டிக்கிறான். கணக்குக் கேட்பதிலும் ஓர் ஒழுங்குண்டு: முதலில் முதலைப் பற்றிக் கேள், இலாபத்தைப் பிறகு கேள். மார்க்கத்தில் பர்ளுகள் முதல், நபில்கள் இலாபம், பாவங்கள் நட்டம் என்று இமாமவர்கள் விளக்குகிறார்கள்.

இந்த ஒழுங்கு எழுத்துக்கும் பொருந்துமென்று நினைக்கிறேன். எழுதுகிறவனின் முதல், அவன் மேசையில் உட்காரும் நேரம். பக்கங்கள் இலாபம். உட்காருவது அவன் கையில் இருக்கிறது. உட்கார்ந்த பின்னர் வசனம் உயிரோடு வருமா என்பது முழுவதும் அவன் கையில் இல்லை. கையில் உள்ளதற்குக் கணக்குக் கேட்பது நியாயம். கையில் இல்லாததற்குக் கணக்குக் கேட்டால் ஒன்றில் மனம் உடைந்துபோகும், அல்லது கள்ளக் கணக்கு எழுதத் தொடங்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எமது மார்க்கம். வாரக் கணக்கு அந்தக் கயிறு மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குர்ஆனை ஒரு வாரத்தில் ஓதி முடிப்பதற்கு வசதியாக ஏழு மன்ஸில்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாரக் கணக்குக்கு இதைவிடப் பழக்கமான உதாரணம் எமக்கு இல்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் இரவு தோறும் முழுக் குர்ஆனையும் ஓதிவந்தபோது நபி (ஸல்) அவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்றார்கள். தன்னால் இன்னும் முடியுமென்று அவர் மீண்டும் மீண்டும் கேட்கவே, கடைசியில் ஏழு நாள், அதற்கு மேல் விரையவேண்டாம் என்று நிறுத்தினார்கள். முதுமை வந்தபோது, நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் வருந்தியதாகவும் ஹதீஸில் வருகிறது. மூன்று நாளைக்குள் ஓதி முடிப்பவர் அதை விளங்கிக்கொள்ளமாட்டார் என்ற கருத்திலும் ஒரு ஹதீஸ் உண்டு. எமது மரபில் கணக்கு சோம்பேறியைத் தட்டியெழுப்புவதற்கு மட்டுமன்றி, விரைகிறவனின் கையைப் பிடித்து நிறுத்துவதற்கும் பயன்பட்டிருக்கிறது.

நவீன கால எழுத்துக் கணக்குகளில் இந்த இரண்டாவது பயனைக் காண்பது அரிது. 1999இல் அமெரிக்காவில் 21 பேரோடு தொடங்கிய ஒரு முயற்சி, நவம்பர் மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவலின் முதற்பிரதியை எழுதி முடிப்பதை இலக்காகக் கொண்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். உலகெங்கும் பரவிய பின்னர், அதனை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது. ஒருநாளும் எழுதியிராத பலரை அது எழுதவைத்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்கு மேல் இன்று எழுதாதே என்று சொல்லும் கோடொன்று அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

நஜீப் மஹ்பூஸை இங்கே நினைக்கிறேன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து 1971இல் ஓய்வுபெறும்வரை, உத்தியோகத்துக்கும் எழுத்துக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கி வாழ்ந்தவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். 1994 ஒக்டோபரில் கெய்ரோவில் தன் வீட்டு வாசலில் கழுத்தில் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையின் நரம்பு பழுதுபட்டது. கோட்டின்மீது எழுத்து நிற்பதற்கே அவர் கையைத் திரும்பப் பழக்கவேண்டியிருந்தது. அதன் பின்னர் அவரால் நாளொன்றில் மிகச் சிறிது நேரமே எழுத முடிந்தது. அந்தச் சில நிமிடங்களிலிருந்து சிறுசிறு கனவுக் குறிப்புகளை எழுதினார். பக்கக் கணக்கில் அவை ஒன்றுமேயில்லை. முதலில் எவ்வளவு மிஞ்சியதோ அவ்வளவையும் செலவிட்டவர் என்ற கணக்கில் பார்த்தால் அவர் எவருக்கும் குறைந்தவரல்ல.

இனி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதற்கு என் சொந்த விடயத்தைச் சொல்வதைத் தவிர வழியில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுலத்து முஸ்லிம்களைப் பற்றியது. 70,000க்கு மேற்பட்ட சனங்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆந் திகதி இரண்டு மணித்தியால அவகாசம்தான் கொடுக்கப்பட்டது. மன்னாரிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். அன்று 45 வயதில் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வந்தவர்கள் இன்று 80ஐ எட்டிவிட்டார்கள். நான் எழுதுவது அவர்களின் வாயிலிருந்து கேட்டதை. எனவே ஆயுள் என்ற முதலோடு அவர்களுடைய ஞாபகமும் என்னிடம் அமானிதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஓர் உம்மும்மா என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்:

"எந்த மட்டும் வந்திருக்கு மகன்? நான் இருக்கக்குள்ள வாசிச்சுக் காட்டுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு முன்னால், கலை தன் நேரத்தில் கனியட்டும் என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும்? கனியும் வரை காத்திருக்க எழுத்தாளனிடம் நேரமிருக்கலாம். கதையைத் தந்தவரிடம் இல்லை. தாமதத்தின் விலையை எப்போதும் எழுத்தாளனே கொடுப்பதில்லை என்பதை வாரக் கணக்கு எனக்கு ஞாபகமூட்டுகிறது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. கணக்கு வைத்திருப்பவனின் கண், அந்த மூதாட்டியின் துயரத்தை ஆறு பக்கமாகவும் எட்டுப் பக்கமாகவும் பார்க்கத் தொடங்கிவிடாதா? அழுதுகொண்டே சொல்கிறவரின் முன்னால் உட்கார்ந்து, இந்த வாரத்துக்கு இது போதும் என்று மனம் கணக்குப் போடாதா? இது வெறும் பயமல்ல. அளக்கத் தொடங்கிய மனம் அளவுகோலோடுதான் எங்கும் போகும். இந்த மறுப்புக்குக் கணக்கைக் கைவிடுவது பதிலாகாது. கணக்கின் இடத்தைக் குறுக்குவதே பதில். அவர்களின் முற்றத்தில் நான் பேனை எடுப்பதில்லை. கணக்கு வெள்ளியிரவு, இஷாவுக்குப் பின்னர் மட்டும். சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நான்கு நிரல்கள்: உட்கார்ந்த நேரம், கேட்டது, எழுதியது, அழித்தது. எழுதியது பூச்சியமாக இருந்து, கேட்டது இரண்டு பின்னேரங்களாக இருந்த வாரத்தை நட்டமென்று நான் சொல்வதில்லை. ஒன்பது பக்கம் அழித்த வாரத்தையும் அப்படித்தான். சொன்னவருடைய குரல் போய் என் குரல் மட்டும் நிற்கிற பக்கத்தை அழிப்பது கடனில் ஒரு பகுதியை அடைப்பதாகும்.

ஜோன் ஸ்டெய்ன்பெக் 1951இல் 'ஈஸ்ட் ஒஃப் ஈடன்' நாவலை எழுதியபோது, கொப்பியின் இடப்பக்கத்தில் தன் பதிப்பாசிரியருக்குக் கடிதமாக அன்றைய மனநிலையையும் தயக்கத்தையும் எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் நாவலை எழுதினார். எண்ணிக்கை மட்டும் தெரிந்த கணக்கைவிட, எழுதியதும் எழுதியவனும் அருகருகே தெரிகின்ற இந்தக் கணக்கு நேர்மையானது. எழுதப் பழகும் இளையவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

கடைசியாக ரியாவைப் பற்றி. பாடசாலையில் நாங்கள் எழுதும் பாடக்குறிப்பு அதிபரின் கையொப்பத்துக்காக இருக்கிறது. அதில் பிழையில்லை, பொதுப் பணத்தில் சம்பளம் பெறுகிறவன் பொதுவில் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். எழுத்தின் கணக்குப் புத்தகத்தில் கையொப்பத்துக்கென்று இடம் விடக்கூடாது. இலக்கியக் கூட்டங்களில் இருநூறு பக்கம் தாண்டிவிட்டேன் என்று அறிவிக்கும்போது, எழுதி முடிக்காத நாவலுக்கு முன்கூட்டியே கைதட்டல் வாங்கிவிடுகிறோம். கூலி கிடைத்த பின்னர் வேலை செய்ய நப்ஸு பின்வாங்குவது இயல்பு. உம்மும்மாவிடம் பக்கக் கணக்குச் சொல்வதும் பொருளற்றது. அவருக்குத் தேவை வாசித்துக் காட்டப்படும் ஓர் அத்தியாயம்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் விடாது செய்யப்படுவது என்று ஹதீஸ் சொல்கிறது. உத்தியோகமும் குடும்பமும் ஊர்க் காரியங்களும் போக எஞ்சிய நேரத்தில் எழுதுகின்ற எம்போன்றவர்களுக்கு இதனிலும் பெரிய ஆறுதல் கிடையாது. வாரத்துக்கு மூன்று பக்கம் என்றால் ஆண்டுக்கு 156 பக்கம். இரண்டு ஆண்டுகளில் ஒரு நாவல். அந்த மூன்று பக்கத்தையும் நிய்யத்தோடு எழுதி, எழுதாத வாரத்தில் பூச்சியம் என்று கூசாமல் குறித்து, கணக்கைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவனைக் கலையை அவமதித்தவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.