பூட்ஸ் போட்டால் சேவை குறைந்துவிடுமா?

2021 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் நம் இளைஞர்களோடு ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவுக்கு வீடு கழுவப் போயிருந்தேன். முட்டிக்குக் கீழே சேறு. என் காலில் வெறும் சிலிப்பர்.

"அண்ணே, பூட்ஸ் போடலையா?" என்று கேட்டான் ஒரு தம்பி. பதினாறு வயதுதான் இருக்கும்.

"சாமி காரியம் தம்பி, ஒண்ணும் ஆவாது," என்றேன். கொஞ்ச நேரத்தில் அவனும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

அன்று தகரம் கிழித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. பானாடோல் போட்டுப் படுத்துவிட்டேன். கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வெள்ளத் தண்ணியில இறங்குனீங்களா?" என்பதுதான். 'கெஞ்சிங் தீகுஸ்' என்று நாம் சொல்லும் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி சேற்றில் கலந்து, காயம், கண், வாய் வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வெள்ளத்தையே மறந்திருப்போம். முற்றினால் சிறுநீரகம், கல்லீரல் இரண்டையும் கெடுக்கும்.

உடம்பைப் பார்க்காமல் செய்வதுதான் தியாகம் என்பவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் காலை நான் கொடுக்கலாம், சரி. அந்தத் தம்பியின் காலைக் கொடுக்க நான் யார்? மருத்துவமனையில் என் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவின் இரவுகளை யார் கணக்கில் எழுதுவது?

இன்னொன்றும் உறுத்துகிறது. உடைந்த கண்ணாடியைச் சாதாரணக் கறுப்புப் பையில் போட்டு, வாயைக் கட்டி, ரோட்டோரம் வைத்தோம். அதைக் கையால் தூக்கியவர்கள் குப்பை லாரித் தொழிலாளர்கள். நாங்கள் ஒரு நாள் போய் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். அவர்களுக்கு அது நாள் கணக்கில் போன வேலை. ஆபத்தை நான் விரும்பி ஏற்றேன். அவர்களைக் கேட்டவர் யார்?

தம்பிக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் போன் போட்டேன். "அண்ணே, அன்னிக்கு உங்களைப் பார்த்துத்தான் கழட்டுனேன்," என்றான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், அவன் கால் சைஸைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.