பொன்னாடைக்குப் பதிலாக

1990 ஜூனில் போரினால் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்து மயிலிட்டி மக்களுக்கு, 2017 ஜூலை 3ஆம் திகதிதான் மீன்பிடித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் காணியும் திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு வருடம் முகாம்களிலும் இரவல் காணிகளிலும் இருந்த சனம் மீளக் குடியேறும்போது வீடும் கிணறும் போதாது. கர்ப்பிணிகளைப் பதிந்து, பிள்ளைகளின் நிறை பார்த்து, தடுப்பூசி தவறாமல் கவனிக்க ஒருவர் படலை திறந்து உள்ளே வரவேண்டும். அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் அர்ப்பணிப்புள்ளவராக வாய்த்துவிட்டால் ஊர் தப்பியது என்று நாம் நிம்மதியடைகிறோம். அந்த நிம்மதி சரியா என்பதே என் கேள்வி.

வைத்தியசாலைத் தாதிக்குச் சந்தேகம் வந்தால் விடுதிக்குள்ளேயே கேட்க ஆளுண்டு. வீட்டு விறாந்தையில் ஒரு கர்ப்பிணியின் வீங்கிய காலைப் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய அறிவு அந்தப் பெண்ணுக்குப் பயன்பட, தொலைபேசியை எடுக்கும் சுகாதார வைத்திய அதிகாரியும், அனுப்பியவரை ஏற்றுக்கொள்ளும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் வேண்டும். இலங்கை இதை நெடுங்காலத்துக்கு முன்பே விளங்கிக்கொண்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழிவந்த அமைப்பில் மருத்துவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதிய சகோதரி, குடும்பநல உத்தியோகத்தர் எல்லோரும் ஒரே பணிமனையின் கீழ் வேலை செய்கிறார்கள். தாய் ஒருவர் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தால், களத்தில் இருந்தவர் முதல் நிபுணர் வரை அந்த மரணத்தைச் சேர்ந்து ஆராய்கிறார்கள். குற்றவாளியைத் தேடும் கூட்டமாக அது மாறினால் அடுத்த தடவை உண்மை வெளிவராது.

பொறுப்பைப் பலர் பகிர்ந்தால் ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போகும் என்பார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிவைக்காத இடத்தில்தான் அப்படி நடக்கும். ஆளணி போதாத இடத்தில் குழு என்பது ஆடம்பரம் என்பது இன்னொரு வாதம். களுத்துறையில் தொடங்கியபோதும் நாடு செல்வத்தில் மிதக்கவில்லை. ஆள் குறையக் குறைய, தனித்து விடப்பட்டவர் சோர்ந்து இடமாற்றம் கேட்பதன் நட்டமே கூடுகிறது. நல்ல மனம் இல்லாமல் எந்தக் குழுவும் ஓடாது என்பது மெய். ஆனால் மனத்தை நியமனக் கடிதத்தால் வரவழைக்க முடியாது. கேட்ட கேள்விக்கு ஏச்சில்லாத பதில் கிடைக்கும் ஒழுங்கை உண்டாக்கலாம். ஆகவே நல்ல உத்தியோகத்தருக்குப் பொன்னாடை போர்த்தும் ஊர், அவர் லீவில் நிற்கும் நாளில் அவருடைய பகுதியை யார் பார்க்கிறார்கள் என்றும் பணிமனையிடம் கேட்கவேண்டும்.