ஒருமனதான தீர்மானங்கள்

'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று கேட்டாலே நமக்கு ஒரு நிறைவு பிறக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் கடலோரங்களில் ஊர்க்கூட்டத்தின் முடிவுக்குள்ள மதிப்பு பெரிது. புயற்காலங்களில் தனியொருவனைக் கைவிடாதிருக்கச் செய்ததும் அந்த ஒற்றுமையே. ஆயினும், எல்லாரும் இசைந்தனர் என்பதும், எவரும் மறுத்துப் பேசவில்லை என்பதும் ஒன்றுதானா?

2010 ஆகஸ்டில் தமிழக, இலங்கை மீனவப் பிரதிநிதிகள் சென்னையில் கூடிப் பேசினர். இழுவை மடியை ஓராண்டுக்குள் கைவிடுவதென அங்கே உடன்பாடு கண்டனர், அது நிறைவேறவில்லை. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இங்கே ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டம் தொடங்கப்பட்டது. இன்னும் நம் விசைப்படகுகள் மடியை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கடன், டீசல் விலை, மாற்றுத் தொழிலின்மை ஆகியவை மெய்யான காரணங்களே; அவற்றை எளிதாக ஒதுக்குவோர் கரையிலிருந்து பேசுவோர். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. கடலடியை வாரும் மடி மீன்குஞ்சுகளை அழிக்கிறது என்பதைத் தனியே கேட்டால் மறுப்போர் அரிது. கூட்டத்திலோ அச்சொல் எழுவதில்லை. சொன்னவன் ஊரைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான். அடுத்தவர் பேசட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருக்க, அந்த மௌனமே சம்மதமாக எழுதப்படுகிறது. படகு பறிபோய், பிள்ளைகள் சிறைப்பட்டபின் சினமும் துயரமும் நிறைந்து கூடும் கூட்டத்தில் மாற்றுக்கருத்துக்கு இடமேது?

இது மீனவரின் குறை மட்டுமன்று. 1961-இல் கியூபாமீது நடந்த படையெடுப்பு, கென்னடியின் கற்றறிந்த ஆலோசகர்கள் தம் ஐயங்களை அடக்கிக்கொண்டதன் விளைவே என்று இர்விங் ஜானிஸ் என்னும் உளவியலாளர் 1972-இல் எழுதினார். (நம் பங்குப் பேரவைகளைப் பற்றி எழுதப் புகுந்தால் பக்கம் போதாது.)

இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட தலைமைச் சங்கத்தில் அரிமத்தியா யோசேப்பும் உறுப்பினர். அம்முடிவுக்கு அவர் இணங்கவில்லை என்கிறார் லூக்கா. அச்சத்தால் மறைவில் சீடராயிருந்தவர் என்கிறார் யோவான். இரண்டையும் சேர்த்துப் படிக்கையில், அன்று அவர் வாய்திறந்தாரா என்னும் வினா நம்மை விடுவதில்லை. பிலாத்திடம் துணிவுடன் சென்றார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அது உயிரற்ற உடலைக் கேட்கச் சென்றபோது.

யூத மரபு இவ்வாபத்தை அறிந்திருந்தது. மரண தண்டனை வழக்குகளில் மூத்தோர் சொல்லுக்கு இளையோர் அஞ்சாதிருக்க, இளையவரே முதலில் கருத்துரைக்க வேண்டும் என்கிறது மிஷ்னா. புனித ஆசீர்வாதப்பரும் தம் ஒழுங்குநூலின் 3-ஆம் அதிகாரத்தில், துறவு மடத்தின் ஆலோசனைக்கு இளையோரையும் அழைக்கச் சொல்கிறார். மேலானதை ஆண்டவர் பலமுறை அவர்களுக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அவர் கூறும் காரணம்.

நம் கூட்டங்களில் சங்கத் தலைவரும் படகு உரிமையாளரும் முதலில் பேசுகின்றனர். கூலிக்குக் கடலேறி, பிடிபட்டால் சிறை செல்லும் இளைஞன் ஓரத்தில் நிற்கிறான். வரும் கூட்டத்தில் அவனை முதலில் பேசவிட்டால் என்ன? அவன் பேசி முடித்தபின் பெரியவர்கள் பேசட்டும்.