பொய்க்கால் குதிரையும் உட்செவியும்

அனுபவம் என்ற சொல்லை நம் விமர்சனம் வெகுகாலமாக உரைகல்லாக வைத்திருக்கிறது. ஒரு கவிதையைப் பற்றிய வாதங்கள் எல்லாம் ஓய்ந்தபின் 'இது உணர்ந்து எழுதப்பட்டது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். கருத்து பொய்யாகலாம், மொழி பொய்யாகலாம். உடம்பு உணர்ந்தது மட்டும் பிரத்யட்சம், அதற்குச் சாட்சி வேண்டாம் என்பது நம்மிடையே உள்ள, யாரும் எழுதிவைக்காத சித்தாந்தம். அதன்மேல் எனக்கு ஐயம் பிறந்தது புத்தகம் படித்து அல்ல. திருப்பூரில் என் வீட்டு மாடியறையில் நானே கட்டிய ஒரு இயந்திரத்தால்.

வீட்டில் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கான அசையும் மேடை அது. ஸ்டீயரிங்கும் பெடல்களும் கடையில் கிடைக்கின்றன; திரையில் பாதை பறக்கிறது; உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் அசையாமல் கிடக்கிறது. இந்தக் குறையைப் போக்க உலகின் பல ஊர்களில் ஆட்கள் தங்கள் கையாலேயே மேடை கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இந்த ஆசை இறக்குமதிச் சரக்கு இல்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவையில் கரிவரதன் பந்தயக் கார்களை வடிவமைத்தார். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தபின், செட்டிபாளையத்தில் அமைந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். மோட்டாரும் லேத்தும் இந்த வட்டாரத்தில் வீட்டுச் சாமான் மாதிரி.

என் மேடையின் அமைப்பு எளியது. தரையில் இரும்புச் சட்டம். அதன் நடுவே நட்ட தூணின் உச்சியில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய யுனிவர்சல் ஜாயிண்ட்; அதன்மேல் சீட். பின்புறம் இரண்டு வைப்பர் மோட்டார்கள், காரின் முன்கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் அதே 12 வோல்ட் மோட்டார்கள். ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு பட்டை, பட்டையிலிருந்து சீட்டுக்கு ஒரு கம்பி. இரண்டும் சேர்ந்து இறங்கினால் சீட் பின்னே சாயும். ஏறினால் முன்னே குனியும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் பக்கவாட்டில் சரியும். தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஒரு பொட்டென்ஷியோமீட்டர் சொல்லும். திரையில் கார் என்ன பாடுபடுகிறது என்பதை விளையாட்டு நிரல் விநாடிக்குப் பலமுறை சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டு மோட்டாரை விரட்டுவது உள்ளங்கையளவு ஆர்டுயினோ பலகை. கை எட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அடித்தால் எல்லாம் நின்றுவிடும். வசதியுள்ளவர்கள் சர்வோ மோட்டார் போடுகிறார்கள். அதுவும் திருப்பூருக்குப் புதிதல்ல. பவர் டேபிளில் ஓயாமல் சுற்றி இரைந்துகொண்டிருந்த கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, தைக்கும்போது மட்டும் சுற்றும் சர்வோவைப் பல பனியன் கம்பெனிகள் மாட்டியிருக்கின்றன.

இந்த மேடை யாரையும் எங்கும் கொண்டுபோவதில்லை. சில அங்குலம் சாய்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தவன் வேகமெடுத்துப் பாய்வதாக உணர்கிறான். காரணம் உட்செவியில் இருக்கிறது. அங்கே உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதை அறியும். இரண்டு சிறு பைகளில் பசைமேல் படிந்த சுண்ணப் படிகங்கள் சாய்வையும் தள்ளலையும் அறியும். இந்தப் படிகங்களுக்கு ஒரு இயலாமை உண்டு. பின்னே சாய்ந்ததால் புவியீர்ப்பு இழுக்கிறதா, முன்னே பாய்ந்ததால் உடம்பு பின்தங்குகிறதா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. இதை உறுப்பின் குறை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1907ல் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டீன் சிந்திக்கத் தொடங்கியதும் இதைத்தான்: மூடிய பெட்டிக்குள் இருப்பவனுக்கு இந்த இரண்டும் ஒன்றே. 10 டிகிரி சாய்ந்தால் புவியீர்ப்பில் சுமார் 17 சதவீதம் முதுகில் அழுத்தும். திரை 'முன்னே போகிறாய்' என்கிறது, முதுகு ஆமோதிக்கிறது, பிரக்ஞை தீர்ப்பை எழுதிவிடுகிறது.

ஆனால் சூட்சுமம் திரும்புவதில் இருக்கிறது. மேடைக்கு இடம் கொஞ்சம். ஒரு தள்ளலைக் கொடுத்தபின் அடுத்த தள்ளலுக்காக அது நடுநிலைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்புவது தெரிந்துவிட்டால், பாய்ந்துகொண்டிருக்கிற கார் பிரேக் போட்டதாகத் தோன்றி எல்லாம் கலைந்துவிடும். ஆகவே உட்செவி கவனிக்காத அளவுக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும் - விநாடிக்கு 2, 3 டிகிரிக்குள். அந்த எல்லைக்குக் கீழே நடப்பது, உடம்பைப் பொறுத்தவரை, நடக்கவே இல்லை. இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் வாஷ்அவுட்; கழுவிவிடுதல். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு உபயோகம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது பொய்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆபத்து இல்லை, தூரம் இல்லை, பெட்ரோல் வாசனை இல்லை. போலி உணர்ச்சியைக் காசு கொடுத்து வாங்கும் நோய் என்பது அவர் கட்சி. வணிகப் பத்திரிகைக் கதைகளை நாம் எந்த வார்த்தைகளால் திட்டுவோமோ அதே வார்த்தைகள். விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுவதாக எனக்குப் படவில்லை. 1929ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தன் தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டு, தரையைவிட்டு எழாமலே சாய்ந்து திரும்பும் ஒரு பொய் விமானம் செய்தார். தொடக்கத்தில் அது பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் விலைபோயிற்று. 1934ல் தபால் சுமக்கும் பணியை ஏற்ற ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோது, அமெரிக்க ராணுவம் அந்தப் பொம்மையில் ஆறு வாங்கியது. பொய் விமானத்தில் நூறு முறை விழுந்து எழுந்தவன் நிஜ விமானத்தில் ஒருமுறை விழாமல் இருக்கலாம். விழுந்தாலும் சாகாமல் இருப்பதுதான் அங்கே அதன் பயன்.

நம் மரபில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இடுப்பில் குதிரைக் கூட்டையும் காலில் கட்டையையும் கட்டிக்கொண்டு ராஜாவும் ராணியுமாக ஆடுகிற ஆட்டத்துக்குப் பொய்க்கால் குதிரை என்று பெயர். பெயரிலேயே பொய் இருக்கிறது. குதிரையின் காலும் ராஜாவின் காலும் ஒரே ஆளின் கால். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று ஒருவரும் புகார் செய்ததில்லை. பொய்க்கும் பாவனைக்கும் உள்ள வித்தியாசத்தை, காட்டப்படுவது நிஜமா இல்லையா என்பதில் தேடுவது வீண் என்று இதனால் எனக்குத் தோன்றுகிறது. ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால், அல்லது இருவருக்கும் சூத்திரக்கயிறு தெரிந்திருந்தால், அது பாவனை. கயிறு ஒருவன் கையில், உடம்பு இன்னொருவனுடையது, கயிறு இருப்பதே அந்த உடம்புக்குத் தெரியாது என்றால் அது பொய்.

மேடை கட்டும்போது இன்னொன்றும் தெரியவந்தது. பாவனைக்குக்கூட முதல் தேவை சாட்சியை அப்புறப்படுத்துவது. அறையின் சுவர் அசையாமல் நிற்கிறது. மேடை சாயும்போது கடைக்கண்ணில் சுவரும் காலண்டரும் பட்டுவிட்டால் கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும்: நீ பாயவில்லை, சாய்கிறாய். ஆகவே திரையையும் சீட்டோடு சேர்த்துச் சட்டத்தில் பிணைக்கிறார்கள்; அல்லது கண்ணை மூடுகிற கண்ணாடித்திரையை முகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்; விளக்கை அணைக்கிறார்கள். 1954ல் எரிக் காஃப் டன்லப் கம்பெனியில் டயர்களைச் சோதிக்கக் கட்டிய ஆறுகால் அமைப்பும், 1965ல் ஸ்டூவர்ட் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரையும் வழிகாட்ட, பின்னால் விமானப் பயிற்சிக்கென்று பெரிய மேடைகள் வந்தன. அவற்றில் பயில்கிறவர் மூடிய அறைக்குள்ளேயே இருப்பார். வெளிச்சாட்சிக்கு இடமே இல்லை. கண்ணும் செவியும் முரண்பட்டால் குமட்டல் வருகிறது. அந்தக் குமட்டலை நான் மதிக்கிறேன். இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, தீர்ப்பளிக்க மறுத்து உடம்பு எழுப்பும் ஆட்சேபம் அது.

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் ஒன்றரை ஷிப்ட் முடித்துவந்த ஒரு சனிக்கிழமை இரவில் மேடையில் உட்கார்ந்து பார்த்தார். பத்து நிமிஷம் ஓட்டினார். இறங்கி, சட்டத்தைச் சுற்றிவந்து கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாய்க்கறது நல்லாத் தெரியுதுங்ணா. மறுக்கா நேரா நிமித்தறது தெரியவே இல்லீங்களே?" என்றார். கம்ப்யூட்டரில் அந்த எண்ணைக் காட்டினேன். "இத ஆருங்ணா வெக்கறது?" என்றார். நான்தான் என்றேன். கூட்டிவைக்கச் சொன்னார், கூட்டினேன். மறுபடி உட்கார்ந்தார். இப்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும் ஒரு எதிர் இழுப்பு தெரிந்தது. விளையாட்டு கெட்டுவிட்டது. அவர் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. "இப்பத்தானுங்ணா இது என்ன பண்ணுதுன்னே தெரியுது" என்றார்.

எண்ணை வைப்பது யார், சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்? மேடையைப் பற்றிய ஒழுக்கக் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நிஜமா போலியா என்ற சர்ச்சை இதற்குப் பிறகு சிறுத்துவிடுகிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். திருப்பூரில் வாஷ் என்றால் துணியை அலசுவது. பருத்தித் துணியில் சாயம் ஏற மிகுந்த உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு அலசிய நீரோடு வெளியே போகும். போன இடம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் ஆறு. அதன் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992ல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் விசித்திரம் நடந்தது. நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. எனவே கூச்சல் எழுந்தது, சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. உப்பு கண்ணுக்குத் தெரியாது. நிறம் நீங்கித் தெளிந்த நீரிலும் உப்பு இருந்தது. அது கிணற்றில் இறங்கியது, வயலில் படிந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாத வேகத்தில். ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊர் ஒரு உலுக்கலை உணர்ந்தது. வேலை, ஆர்டர், வட்டி என்று எங்கும் அந்த உலுக்கலைப் பற்றியே பேச்சு. அதற்கு முந்திய நீண்ட சாய்வைப் பற்றிப் பேச ஊருக்கு உறுப்பு இல்லை.

யாரோ ஒருவர் சதி செய்து எண்ணை வைத்தார் என்று நான் சொல்லவில்லை. விலையைக் குறைக்கச் சொன்ன வெளிநாட்டு வியாபாரி, அந்த விலைக்கு ஒப்புக்கொண்ட முதலாளி, அந்தத் தொழிலில் கூலி வாங்கிச் சோறு தின்ற ஊர் என்று பலருடைய விரலும் அதில் பட்டிருக்கிறது. ஆனால் விரல் பட்டவர்களில் அநேகர் சீட்டில் இல்லை. சீட்டில் இருந்தது ஆற்றின் கீழ்ப்புறத்து நிலமும் அதை உழுதவர்களும். பாவனை முடிந்து பொய் தொடங்கும் இடம் அது.

உணர்ந்ததெல்லாம் பொய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். உடம்பு மாறுதலை மட்டுமே உணர்கிறது. நிலைத்த வேகத்தையும், மிக மெதுவான மாறுதலையும் அது உணர்வதில்லை. அதிராமல் சீராக ஓடும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டவனுக்கு ரயில் நிற்கிறது. ஆகவே உணர்வை மட்டும் சாட்சியாகக் கொள்ளும் இலக்கியம் உலுக்கல்களின் இலக்கியமாகவே இருக்கும். மெதுவாகப் பறிபோனது அதில் பதிவாகாது. நம் கவிதைகளில் அதிர்ச்சிகளும் தரிசனங்களும் மலிந்து, தேய்மானம் அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். உணராததை அறிய, அளப்பதைத் தவிர வழி இல்லை. அணைக்குக் கீழேயுள்ள கிராமங்களில், நீரில் கரைந்திருக்கும் உப்பைக் குறிக்கும் டி.டி.எஸ். என்ற எழுத்துக்கள் விவசாயிகளின் பேச்சில் சரளமாக வரும். நாக்கு பழகிப்போன உப்பை எண்ணால் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டவர்களின் சொல் அது. அதில் கவித்துவம் இல்லை என்று நாம் ஒதுக்கலாம். நம் காலத்தின் நேர்மையான சொற்களில் ஒன்றாகவே அதை நான் எண்ணுகிறேன்.

மேடை கட்ட நினைப்பவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. திரும்பும் எண்ணை ஒருமுறையாவது கூட்டிவைத்து, திரும்புவதை முதுகில் உணர்ந்து பாருங்கள். பிறகு குறைத்துக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுங்கள். பொய்க்கால் என்று தெரிந்து ஆடுகிற குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது, சிவப்புப் பொத்தான் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நொய்யலில் அந்தப் பொத்தானுக்குக் கை எட்ட, அணை கட்டி முடித்து 19 ஆண்டுகள் ஆயின.